அணையா அடுப்பு

தேர்வு நாட்களிலும், வீட்டில் யாருக்கேனும் மனம் சோர்ந்த நாட்களிலும் சமையலறையிலிருந்து சாக்லேட் பிஸ்கட் மணம் வருவதை நம்மில் பலர் அறிவோம். ஓவன் இல்லாத வீடுகளிலும் குக்கரில் மணலைப் பரப்பிச் சூடேற்றிச் சுட்டு எடுத்துவிடுவார்கள். நாவுக்கு இனிமை இருக்கட்டும். நமக்காக ஒருவர் அடுப்பின் முன் நின்றார் என்பதல்லவா பெரிய ஆறுதல்! அந்த ஆறுதலைப் பசித்தவர் எல்லோருக்கும் உரியதாக்கிய பெரியார் ஒருவர் நம் நெய்வேலிக்கு மிக அருகில், வடலூரில் வாழ்ந்தார். வள்ளலார் என்று நாம் போற்றும் இராமலிங்க அடிகளே அவர்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதலில் பொன்னேரிப் பக்கத்திலுள்ள தம் பிறந்த ஊருக்கும், பின்னர் சென்னைக்கும் சென்றார். மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவுகள் செய்து குடும்பத்தைக் காத்து வந்தார்.

தம்பியோ பள்ளிப்பாடத்தில் மனம் செலுத்தவில்லை. கோயில்களைச் சுற்றுவதிலும் பாடுவதிலுமே பொழுதைக் கழித்தார். கோபங்கொண்ட அண்ணன், அவனுக்கு வீட்டில் சோறு போடக்கூடாது என்று கட்டளையிட்டார். அண்ணனையும் நாம் குறைகூற முடியாது. பலருடைய பொறுப்பைத் தனியாகச் சுமந்தவர் அவர். ஆனால் அண்ணியார் பாப்பாத்தியம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவர் இல்லாத வேளைகளில் சிறுவனைப் பின்வாசல் வழியாக அழைத்து உணவளித்து வந்தார்.

ஒருநாள் அவ்வீட்டில் தந்தையாரின் திதி. வந்தவர்கள் எல்லோரும் விருந்துண்டு சென்றனர். அவ்வீட்டுப் பிள்ளை மட்டும் யாருக்கும் தெரியாமல் வந்து உண்ண வேண்டியிருந்தது. சோறு பரிமாறிய அண்ணியாரால் அழுகையை அடக்க இயலவில்லை. அந்தக் கண்ணீரைக் கண்ட சிறுவன், இனி வீட்டிலேயே இருந்து படிப்பதாக வாக்களித்தார். மாடியில் ஓர் அறையும், ஒரு கண்ணாடியும், ஒரு விளக்கும் கேட்டுப் பெற்றுக்கொண்டார். வள்ளலாரின் பெருமையைப் பேசுவோர் இந்த அம்மையாரை ஏனோ அதிகம் நினைப்பதில்லை. நாம் நினைக்கிறோம்.

பிற்காலத்தில் அவருடைய பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் நூலாகிப் புகழ்பெற்றன. 1858ஆம் ஆண்டளவில் சென்னையை விட்டு நீங்கி, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் தங்கினார். பசியைப் பற்றி அவர் ஆராய்ந்த அளவுக்கு வேறு எவரேனும் ஆராய்ந்தார்களோ என்று நமக்குத் தோன்றுகிறது. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில், பசி வந்தால் கண்ணும் காதும் அறிவும் எவ்வாறு ஒவ்வொன்றாகத் தளர்கின்றன, உண்டபின் முகமும் மனமும் எவ்வாறு மலர்கின்றன என்பதை ஒரு மருத்துவரைப் போல விரிவாக எழுதியிருக்கிறார். தாம் பட்டறியாதவரால் அப்படி எழுத இயலுமா?

அவை கொடிய காலங்கள். 1866இல் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் பஞ்சம் மக்களை வாட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். 21 அடி நீளமுள்ள அடுப்பு மூட்டப்பட்டது. வந்தவரிடம் சாதி என்ன, மதம் என்ன, ஊர் எது என்று கேட்கக்கூடாது என்பது அங்கே விதி. பசியே போதுமான தகுதி. எவரும் பின்வாசலில் வந்து நிற்கவேண்டிய அவசியமில்லை.

சாலையில் அரிசி தீர்ந்துபோன நாட்களும் உண்டு. அப்படி ஒருமுறை பொறுப்பாளர்கள் கலங்கி நின்றபோது, அடிகள் நாளை வரும் என்று தைரியம் சொன்னதாகவும், மறுநாள் திருத்துறையூரிலிருந்து வண்டிகளில் அரிசி வந்து இறங்கியதாகவும் கூறுவர்.

1872இல் சத்திய ஞானசபையை நிறுவினார். 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் தம் அறைக்குள் சென்று கதவை அடைத்துக்கொண்டவர், பிறகு வெளியே வரவில்லை.

அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தையே சூறையாடிய பெரும் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்நாளிலும் வடலூர் அடுப்பு அணையவில்லை என்பர்.

நெருப்பைப் பற்றி நெய்வேலிக்காரர்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கு மண்ணுக்கடியில் கிடைத்த பழுப்பு நிலக்கரி கொதிகலன்களில் எரிந்து மின்சாரமாகிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து சென்ற 'லெகோ' கரித்துண்டுகள் தமிழ்நாட்டின் எத்தனையோ வீட்டு அடுப்புகளை எரித்தன. ஆனால் நம் நகரியம் தோன்றுவதற்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே மூட்டப்பட்ட அந்த விறகடுப்பு இன்றும் எரிகிறது. தைப்பூசத்துக்கு முன்பே சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து அரிசியும் காய்கறியும் மூட்டை மூட்டையாக அங்கே போய்ச் சேர்கின்றன. மற்ற நாட்களில் கூட்டம் குறைவு. எந்த நாளானாலும், அன்று பசித்து வந்தவருக்கு இலை உண்டு.