குளிரில் நடுங்கிய கணித மேதை

குட்டீஸ்! புது ஊருக்குப் போனால் எதுவும் புரியாமல் திருதிருவென்று விழிப்போம், இல்லையா? கணித மேதை ராமானுஜனும் அப்படித்தான் விழித்தார்!

ஈரோட்டில் 1887ல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு அழைத்தார். 1914 மார்ச் 17ல் கப்பல் ஏறி, ஏப்ரல் 14ல் லண்டனில் இறங்கினார். கணித அறிஞர் நெவில் காரில் வந்து வரவேற்றார். லண்டனில் சில நாட்கள் தங்கிவிட்டு கேம்பிரிட்ஜ் சென்றார்.

ஊரிலேயே குடுமியை எடுத்தாயிற்று. பழக்கமில்லாத ஷூ காலைக் கடித்தது. சைவம் என்பதால் தானே சமைத்துக்கொண்டார்.

குளிரோ தாங்கவில்லை! கோட்டு போட்டு, சால்வை போர்த்தியும் இரவெல்லாம் நடுங்கினார். அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் அறைக்குள் போய்ப் பார்த்தார். மெத்தை விரிப்புக்கு அடியில் கம்பளிகள் செருகியபடியே இருந்தன! அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் செய்து காட்டினார்.

1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினரான ராமானுஜன், நோயுடன் 1919ல் நாடு திரும்பி, 1920ல் 32 வயதில் மறைந்தார்.

தெரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். உங்கள் வகுப்புக்குப் புதிதாக வருபவர் விழித்தால், நீங்களே போய் உதவுங்கள், சரியா?