கான் சாகிபின் பொற்பதக்கம்

பண்டைத் தமிழ் வேந்தர் தம் படைத்தலைவர்க்கு ஏனாதி என்னும் பட்டத்தோடு மோதிரமும், உழுவித்து உண்ணும் பெருமக்கட்குக் காவிதி என்னும் பட்டத்தோடு பொற்பூவும் அளித்துச் சிறப்பித்தனர் என்பர். ஆதலின் வீரத்தைப் பொன்னால் போற்றும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிமாநகர்க்கு அணித்தாயுள்ள நம் கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடுகள், பரமேசுவரவர்மன் பெருவளநல்லூரில் சாளுக்கிய விக்கிரமாதித்தனை வென்ற போரை விரித்துரைக்கின்றன. அம்மட்டோடு நில்லாது, கூரத்து ஏரியாகிய பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றினின்று வெட்டிய பெரும்பிடுகு என்னும் வாய்க்காலையும் அவை குறிக்கின்றன. வாள் வென்றதும் நீர் வந்ததும் ஒரே ஏட்டில் இடம் பெற்றன.

கிழக்கிந்தியக் கம்பெனியார் வழங்கிய பதக்கங்களில் இவ்விரண்டாம் பகுதிக்கு இடமில்லை. ஆகவே, பதக்கம் பெற்றவனை அறிய விழைவோர் பதக்கத்தோடு நின்றுவிடலாகாது. இதற்கு முகம்மது யூசுப்கானின் வரலாற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மருதநாயகம் பிள்ளை என்று வழங்கும் இப்பெருவீரர், இராமநாதபுரச் சீமையிலுள்ள பனையூரில், ஏறத்தாழ 1725ஆம் ஆண்டில், வேளாளர் குடியில் பிறந்தார் என்பது வழக்கு. இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி, இசுலாம் நெறியைத் தழுவி, முகம்மது யூசுப்கான் எனப் பெயர் பூண்டார். பொதுமக்கள் இவரைக் கான் சாகிபு என்றே அழைத்தனர். கருநாடகத்து நவாபுப் பதவிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இரு பக்கமாக நின்று பொருத காலம் அது. 1752ஆம் ஆண்டளவில் இவர் சிப்பாய்களோடு கிளைவின் படையில் சேர்ந்தார்.

திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது இவரது திறமை வெளிப்பட்டது. பகைவர் சூழ்ந்த அந்நகர்க்கு உணவுப் பொருள்களைக் கொண்டு சேர்ப்பதே அப்போரின் உயிர்நிலை. வழிகளையும் காடுகளையும் நன்கறிந்த இவர் அப்பணியைச் செவ்வனே முடித்தார். பொன்னியப்பன் என்னும் துபாஷி சூழ்ச்சி செய்து இவர்மீது துரோகக் குற்றம் ஏற்ற முயன்றதும் அக்காலத்தே. விசாரணையில் உண்மை வெளிப்படவே, பொன்னியப்பன் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டான். பின்னர்த் தளபதி லாரன்ஸின் பரிந்துரையால் யூசுப்கான் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவரானார், பொற்பதக்கமும் பெற்றார். இந்நாட்டுச் சிப்பாய்கள் பலர்க்கும் பொதுவாகப் போர்ப்பதக்கம் வழங்கும் முறை 1784ஆம் ஆண்டின் தக்காணப் பதக்கத்தோடுதான் தோன்றியது. அதற்கு ஒரு தலைமுறை முன்னரே தனியொரு தமிழர்க்குப் பொற்பதக்கம் கிடைத்ததெனின், அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, யூசுப்கானும் பிரெஸ்டன் என்னும் ஆங்கிலத் தளபதியும் கோட்டைக்கு வெளியே நின்று, அவன் படையை ஓயாது அலைக்கழித்தனர். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டகன்றான். அவ்வாண்டு ஏப்ரலில் ஆங்கிலேயர் நம் காஞ்சியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய போரிலும் யூசுப்கான் பங்குகொண்டார்.

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி இவர் கைக்கு வந்தது. இவரது வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க பகுதி இதுவே. கள்வர் பயத்தை அடக்கினார்; ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார்; நெசவையும் வாணிகத்தையும் பெருக்கினார். தாம் வேற்று நெறியினராயினும், மதுரைத் திருக்கோயிலுக்குரிய மானியங்கள் மீண்டும் நடைபெறச் செய்தார். தறியை நம்பி வாழ்வோர் இதனை மறத்தல் தகாது. ஆயினும் குறையையும் மறைத்தல் கூடாது. வரி கொடாத பாளையக்காரர்களைக் கடுமையாக ஒறுத்தவரும் இவரே. நெற்கட்டுஞ்செவ்வல் பூலித்தேவரின் கோட்டைகள் 1761இல் வீழ்ந்தது இவர் கையாலேயாம்.

வளர்ந்துவந்த இவரது செல்வாக்கைக் கண்டு நவாபு முகம்மதலி அஞ்சினார். வரிப்பணத்தைத் தம்மிடமே செலுத்தவேண்டும் என்றும், யூசுப்கான் தம் ஏவலாளரே என்றும் வாதித்தார். கம்பெனியார் நவாபின் பக்கம் சாய்ந்தனர். ஆண்டிற்கு ஏழு லட்சம் ரூபாய் செலுத்துவதாகக் கூறி, சீமையைத் தம்மிடமே விடும்படி யூசுப்கான் வேண்டியும் பயனில்லை. 1763இல் இவர் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

அவ்வாண்டில் மான்சன் நடத்திய முற்றுகை மழையால் தோற்றது. மறு ஆண்டு காம்பெல் முற்றுகையிட்டான். 1764 ஜூன் 26ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலை யூசுப்கான் முறியடித்தார். அன்று மரணக் காயமுற்றவர்களில் ஒருவர், சென்னை முற்றுகையில் இவரோடு தோளோடு தோள் நின்ற அதே பிரெஸ்டன். அரசியல் நண்பரைப் பகைவராக்கும் கொடுமைக்கு வேறு சான்று எதற்கு? ஈற்றில் பசியும் துரோகமும் செய்ததைப் பீரங்கிகள் செய்யவில்லை. அக்டோபர் 13ஆம் நாள் தொழுகையிலிருந்த இவரை, திவான் சீனிவாசராவும், பாபா சாகிபும், மார்ஷாந் என்னும் பிரெஞ்சுக்காரனும் பிடித்துக் கட்டிப் பகைவரிடம் ஒப்படைத்தனர். அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு மேற்கே இவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் இவரது அடக்கத்தலம் உளது. கான்சாகிபு சண்டை என்னும் நாட்டுப்பாடல் இவர் பெயரைக் குடிசைதோறும் கொண்டுசென்றது.

பொற்பதக்கம் அளித்த கம்பெனியின் படைதான் இவரை முற்றுகையிட்டு வீழ்த்தியது. பதக்கம் அளிப்போரின் நன்றியை, அதுவும் அளித்த நாளின் நன்றியை மட்டுமே காட்டும். பெற்றவரின் முழு மதிப்பையும் காட்டாது. அம்மதிப்பைச் செப்பனிட்ட ஏரியிலும், இயங்கிய தறியிலும், குடிகளின் நினைவிலுமே தேடவேண்டும். அவ்வாறு தேடுங்கால், அவரால் துன்புற்றோரின் குரலையும் கேட்டல் வேண்டும்.

அன்பர்காள்! நம் இல்லங்களிலும் பாட்டனார் அணிந்த போர்ப்பதக்கங்கள் பெட்டிகளில் உறங்கலாம். முதல் உலகப்போரின் வெள்ளிப் பதக்கமாயின், அதன் விளிம்பை உற்று நோக்குமின். அணிந்தவரின் பெயரும், எண்ணும், படைப்பிரிவும் அங்குப் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்துத் தேயும்படி அதனைத் துலக்காதீர். வெள்ளியின் விலைக்கு விற்காதீர். எழுத்தைப் படியெடுத்து, அவர் சென்ற நாட்டையும், மீண்டபின் அவர் செய்த பணியையும், முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பீராக. பதக்கம் சொல்லாததைச் சொல்லும் கடமை வழித்தோன்றல்களுடையது.