நன்றியால் எழுந்த இறையில்லம்: நபி சுலைமான் (அலை) வாழ்வு தரும் பாடம்

ஒரு பள்ளிவாசலைக் கட்டி முடித்ததும் நாம் என்ன செய்கிறோம்? திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கிறோம். நன்கொடை தந்தவர்களின் பெயர்களைக் கல்வெட்டில் பொறிக்கிறோம். ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன் ஜெரூசலத்தில் மாபெரும் இறையில்லத்தை எழுப்பிய ஒரு மன்னர், வேலை முடிந்ததும் ஓர் ஏழையைப் போல இறைவனிடம் கையேந்தி நின்றார். அவர்தாம் நபி சுலைமான் (அலை) அவர்கள்.

நபித்துவமும் அரசாட்சியும் ஒருசேர வழங்கப்பட்ட தாவூத் (அலை) அவர்களின் மகனாகப் பிறந்தவர் சுலைமான் (அலை). தந்தை வாழும் காலத்திலேயே அவருடைய அறிவுக்கூர்மை வெளிப்பட்டது. ஒருவருடைய ஆடுகள் இரவில் மற்றொருவரின் வயலில் புகுந்து பயிரை அழித்துவிட்டன. வழக்கு தாவூத் (அலை) அவர்களிடம் வந்தது. ஆடுகளையே வயல்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது தந்தையின் தீர்ப்பு. மகன் வேறொரு வழி சொன்னார். ஆட்டுக்காரர் வயலைப் பண்படுத்திப் பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும். அதுவரை ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் வயல்காரர் அனுபவிக்கட்டும். பிறகு அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பட்டும் என்றார். விரிவுரையாளர்கள் இப்படி விவரிக்கும் இந்த வழக்கில், சரியான விளக்கத்தை சுலைமானுக்கு அல்லாஹ்வே அளித்ததாகக் குர்ஆன் கூறுகிறது.

தந்தைக்குப் பின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. யாருக்கும் கிடைக்காத ஆட்சியைத் தருமாறு அவர் இறைவனிடம் வேண்டினார், கேட்டது கிடைத்தது. ஒரு மாதப் பயணத் தொலைவைக் காலையிலும், அதே அளவு தொலைவை மாலையிலும் கடக்கும் காற்று அவருக்கு வசப்படுத்தப்பட்டது. பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டது. ஜின்கள் அவருடைய கட்டளைக்குப் பணிந்தன. உருகிய செம்பு ஊற்றாக ஓடியது.

இவ்வளவும் கிடைத்த மனிதர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவருடைய படை எறும்புகளின் பள்ளத்தாக்கை நெருங்கியபோது, மிதிபடாமல் புற்றுக்குள் ஒளிந்துகொள்ளும்படி ஓர் எறும்பு தன் கூட்டத்தை எச்சரித்தது. அதைக் கேட்டுப் புன்னகைத்த மன்னர், தமக்கும் தம் பெற்றோருக்கும் கிடைத்த அருளுக்கு நன்றி செலுத்தும் வாய்ப்பைத் தரும்படி அங்கேயே துஆ செய்தார். ஸபா நாட்டு அரசியின் சிம்மாசனம் கண் இமைக்கும் நேரத்தில் அவர் முன் கொண்டுவந்து வைக்கப்பட்டபோதும், தாம் நன்றி செலுத்துகிறாரா, நன்றி மறக்கிறாரா என்று சோதிக்கவே இறைவன் இதைத் தந்திருக்கிறான் என்றார். எறும்பின் பேச்சிலும் அரசியின் சிம்மாசனத்திலும் அவருக்குத் தெரிந்தது ஒன்றே: ஷுக்ர் எனும் நன்றி.

பைத்துல் முகத்தஸை அவர் எழுப்பிய கதையையும் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க வேண்டும். பூமியில் கஅபாவுக்குப் பின் அமைந்த இரண்டாவது பள்ளி மஸ்ஜிதுல் அக்ஸா என்றும், இரண்டுக்கும் இடையே 40 ஆண்டுகள் என்றும் ஹதீஸ் கூறுகிறது. ஆகவே, முன்பே அடித்தளமிடப்பட்ட இடத்தில் சுலைமான் (அலை) புதுப்பித்துக் கட்டினார்கள் என்பது அறிஞர்கள் பலரின் விளக்கம்.

யூதர்களும் கிறிஸ்தவர்களும் போற்றும் பழைய ஏற்பாடு இந்தக் கட்டுமானத்தை அளவுகளோடு விவரிக்கிறது. 60 முழ நீளம், 20 முழ அகலம், 30 முழ உயரம். லெபனான் மலைகளின் தேவதாரு மரங்களை தீரு நகரத்து மன்னர் ஹீராம் அனுப்பினார். அதற்கு ஈடாகக் கோதுமையும் எண்ணெயும் சென்றன. மரம் வெட்ட 30,000 பேர், மாதத்துக்கு 10,000 பேராக முறை வைத்து லெபனானுக்குப் போய்வந்தனர். சுமை தூக்க 70,000 பேர், மலையில் கல் வெட்ட 80,000 பேர். கற்களை வெட்டிய இடத்திலேயே செதுக்கி முடித்துக் கொண்டுவந்ததால், கட்டும் இடத்தில் சுத்தியல் ஓசையோ உளியின் ஓசையோ கேட்கவில்லையாம். ஏழு ஆண்டுகளில் வேலை நிறைவேறியது.

குர்ஆனோ முழக்கணக்கைச் சொல்லவில்லை. ஜின்கள் அவருக்காக எழுப்பிய உயர்ந்த மண்டபங்களையும், தடாகம் போன்ற பெரிய கொப்பரைகளையும், அசைக்க முடியாத பெரும் பாத்திரங்களையும் குறிப்பிட்டுவிட்டு, தாவூதின் குடும்பத்தாருக்கு ஒரு கட்டளையை நினைவூட்டுகிறது. நன்றியோடு உழைக்க வேண்டும் என்பதே அது. நன்றி நாவோடு முடிவதில்லை. கையின் உழைப்பிலும் அது வெளிப்பட வேண்டும்.

பணி முடிந்ததும் அவர் மூன்றைக் கேட்டதாக நபிமொழி தெரிவிக்கிறது. இறைவனின் தீர்ப்போடு ஒத்துப்போகும் தீர்ப்பு வழங்கும் ஆற்றல், தமக்குப் பின் எவருக்கும் கிட்டாத ஆட்சி ஆகிய இரண்டும் அவருக்காக. தொழ வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு அந்தப் பள்ளிக்கு வருபவர், தாய் பெற்றெடுத்த நாளில் இருந்ததைப் போலப் பாவம் நீங்கித் திரும்ப வேண்டும் என்பது மூன்றாவது. அவர் முகம் பார்த்திராத நமக்காகவும் கேட்ட துஆ அது. முதல் இரண்டும் வழங்கப்பட்டன. மூன்றாவதும் வழங்கப்பட்டிருக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் நம்பிக்கை தெரிவித்தார்கள்.

அவருடைய மரணமும் ஒரு பாடமே. கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே உயிர் பிரிந்தது. ஜின்களுக்கு அது தெரியவில்லை; அவர் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிக் கடும் உழைப்பைத் தொடர்ந்தன. பூமியில் ஊரும் ஒரு சிறு பூச்சி தடியை அரித்து, உடல் கீழே விழுந்த பிறகே உண்மை புரிந்தது. மறைவானவற்றை ஜின்கள் அறியும் என்ற எண்ணமும் அன்றே விழுந்தது. காற்றையே ஆண்ட மன்னரின் கடைசித் துணை, பூச்சி அரிக்கும் ஒரு மரத்தடி!

அவர் எழுப்பிய கட்டடமும் நிலைக்கவில்லை. கி.மு. 586 வாக்கில் பாபிலோன் மன்னன் நெபுகத்நேசரின் படை அதை எரித்தது. பின்னர் அங்கே எழுந்த ஆலயத்தையும் கி.பி. 70இல் ரோமர்கள் தகர்த்தனர். அதன்பின் பல நூற்றாண்டுகள் கழித்து, இஸ்ரா இரவில் நபி (ஸல்) அவர்கள் அழைத்துச் செல்லப்பட்டபோது, சுலைமான் (அலை) கட்டிய சுவர்கள் அங்கே இல்லை. ஆனாலும் குர்ஆன் அந்த இடத்தை மஸ்ஜித் என்றே அழைத்தது. மதீனாவில் ஏறத்தாழ 16 மாதங்கள் முஸ்லிம்கள் அதை நோக்கியே தொழுதார்கள். தேவதாரு எரிந்தது, செம்பு கொள்ளை போனது. ஸுஜூது செய்யும் இடம் என்ற சிறப்பு அழியவில்லை.

நம் ஊரில் மினாரா உயர்கிறது, பளிங்குத் தரை பளபளக்கிறது. நல்லதுதான். ஆனால் ஃபஜ்ர் தொழுகையில் எத்தனை ஸஃப்புகள் நிறைகின்றன? யாருடைய பாவம் நீங்க நாம் துஆ கேட்டோம்? கல்வெட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.

நம் உழைப்பையும் செல்வத்தையும் நன்றியாக ஏற்று, இறையில்லங்களைத் தொழுகையால் நிரப்பும் நல்லடியார்களாக நம்மை அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.