பேசாப்படத்தில் எரிந்த இலங்கை

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் பெருவழியில், ஹக்கலைக்கு அண்மையில், சீதா எலிய என்னும் சிற்றூர் உளது. ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். அவ்விடத்துக் கரிய மண்ணைக் காட்டி, அனுமன் வைத்த தீயின் சாம்பர் இது என்று தோட்டத்து முதியோர் கூறுவர். இளமையில் அம்மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தவருள் யானும் ஒருவன். அந்தத் தீயை வெண்டிரையில் மூட்டிக் காட்டிய தாதாசாகேப் பால்கேயின் வரலாறு, தமிழ் கற்பிக்கும் எனக்கும் ஒரு பாடம் கற்பித்தது.

துண்டிராஜ் கோவிந்த பால்கே 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், நாசிக் நகரை அடுத்த திரியம்பகத்தில் பிறந்தார். தந்தையார் வடமொழி வல்லுநர். மைந்தரோ ஓவியத்தை நாடி, 1885இல் பம்பாய் ஜே. ஜே. கலைக்கல்லூரி புகுந்தார்; பின்னர் பரோடாவில் பயின்றார். நிழற்படம், அச்சுத்தொழில், மாயவித்தை ஆகிய அனைத்தையும் கற்றார். கோத்ராவில் படப்பிடிப்பு நிலையம் நடத்துகையில் மனைவியையும் குழந்தையையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். பின்பு தொடங்கிய அச்சகத்தையும் கூட்டாளிகளோடு எழுந்த பிணக்கால் துறந்தார்.

நாற்பது வயதளவில், பம்பாய்க் கொட்டகை ஒன்றில் ஏசுநாதர் வாழ்க்கையைச் சலனப்படமாகக் கண்டார். திரையில் ஏசுபெருமான் நடக்க, இவர் அகக்கண்ணிலோ இராமனும் கண்ணனும் நடந்தனர். அன்றுமுதல் வேறு நினைவில்லை. ஓயாது படம் பார்த்துக் கண்ணொளி மங்கியது, மருத்துவத்தால் மீண்டது. ஆயுட்காப்புப் பத்திரத்தை ஈடு வைத்து 1912இல் இலண்டன் சென்று, கருவியும் கலையும் கொண்டு திரும்பினார். பட்டாணி விதை முளைத்துக் கொடியாவதைப் படமாக்கிக் காட்டிப் பொருளுதவி பெற்றார். இரண்டாம் மனைவியார் சரசுவதிபாய் நகைகளைக் கொடுத்ததோடு அமையாது, படச்சுருளில் துளையிட்டார். குழுவினர் அனைவருக்கும் சமைத்தும் போட்டார்.

அரிச்சந்திரன் கதை 1913ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பம்பாயில் திரையேறிற்று. தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வந்திலள். உணவுக்கடை ஒன்றில் தொழில் செய்த சாலுங்கே என்னும் இளைஞரே சேலையுடுத்து அரசியானார். 1917இல் எடுத்த 'இலங்கா தகனம்' என்னும் படத்தில் அவரே இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார். இராமனாக அவர் வரும்போது மக்கள் கைகூப்பினர் என்பர். அடுப்பங்கரையில் நின்றவரைத் தெய்வமாகக் காணச் செய்த கலையை எளிதென்று சொல்லலாகுமோ?

அதே காலத்தில் யப்பானிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. கியோத்தோ நகரில் மாக்கினோ சோசோ என்பார், நாடோடி நாடகக் குழுவில் வளர்ந்த ஒனோயே மத்சுனோசுகேயைக் கொண்டு, பழங்கதைகளையும் மாயக்கதைகளையும் படமாக்கினார். மாயாவி தேரையாக மாறுவதும், ஆவி தோன்றி மறைவதும், படக்கருவியை இடையில் நிறுத்தி இயக்கும் தந்திரத்தால் நிகழ்ந்தன. அங்கும் நெடுங்காலம் ஆடவரே பெண் வேடம் புனைந்தனர். படம் பேசாவிடினும், பென்ஷி எனப்படும் கதைசொல்லி திரையருகே இருந்து அனைவருக்குமாகப் பேசினார். பாட்டியும் கூத்தாடியும் காத்த கதையையே இரு நாட்டாரும் புதிய கருவியிடம் ஒப்படைத்தனர்.

இவ்விடத்தில் என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில், அட்டன் பகுதித் தோட்டப் பள்ளியொன்றில் கற்பித்து வந்தேன். மாசி மாதம் காமன் கூத்து நடைபெறும் காலம். என் மாணவன் ஒருவன் இரதி வேடம் பூண்டமையால் பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை. திரும்பி வந்தவன் முகத்தில் அரிதாரம் முற்றும் நீங்கவில்லை. பிறர் நகைக்கும்படி, சேலை கட்டும் உனக்குச் செய்யுள் எதற்கு என்னும் பொருள்பட ஏசினேன். மறுநாள் அவன் வரவில்லை. கொழும்பில் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான் எனப் பின்னர் அறிந்தேன். கம்பன் காவியத்தை நாளும் ஓதிய யான், கதையைத் தன் உடம்பில் சுமந்தவனை அறியாது போனேன். சாலுங்கேயின் வரலாற்றைப் படித்த இரவு அந்த அரிதார முகமே கண்முன் நின்றது.

பால்கேயின் பிற்காலம் இரங்கத்தக்கது. 1918இல் தொடங்கிய படநிறுவனத்திலும் கூட்டாளிகளோடு மாறுபட்டுக் காசிக்கு ஏகினார், பின் மீண்டார். 1931இல் இந்தியப் படங்கள் பேசத் தொடங்கிவிட்டன. அவரோ மறுபடியும் இலங்கையை நோக்கி, சேதுபந்தனத்தைப் பேசாப்படமாகவே எடுத்தார். 1937இல் வந்த கங்காவதரணம் அவரது ஒரே பேசும்படம். 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள், உலகம் மறந்த நிலையில் நாசிக்கில் காலமானார். அவர் பெயரால் இந்திய அரசு விருது நிறுவியது 1969இல்.

அன்று திரையில் எரிந்த இலங்கையில் இன்று எஞ்சியிருப்பவை சில துண்டுகளே. யப்பானியப் பேசாப்படங்களிலும் பெரும்பகுதி நிலநடுக்கத்திலும் போரிலும் அழிந்தது. படச்சுருளுக்கே இக்கதியெனில், லயத்து முற்றத்தில் ஆடி முடியும் கூத்துக்கு ஆடுவோரையன்றிக் காப்பு யாது?

இப்பொழுது மாசியில் கூத்துக்குப் போகும் மாணவனை யான் தடுப்பதில்லை. அவன் திரும்பி வந்தபின், விட்டுப்போன பாடத்தை மாலை வேளையில் இருத்திச் சொல்லிக்கொடுக்கிறேன்.