விளக்கும் கணக்கும்

பெரியோர்களை உலகம் புகழும்போது, அவர்கள் செய்த அருங்காரியத்தை விட்டுக் கண்ணுக்கு அழகானதையே பெரிதும் எடுத்துப் புகழ்வது வழக்கம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் கதியும் இதுவே. இரவில் கையில் விளக்கேந்தி, நோயாளிகளின் படுக்கைதோறும் சென்ற கருணைத் தாதியாகவே அவரை நாம் அறிவோம். ஆனால் விளக்கைக் காட்டிலும் பெரிய கருவி ஒன்று அவர் கையில் இருந்தது. அது மரணக் கணக்கு.

அம்மையார் 1820-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி இத்தாலியிலுள்ள பிளாரென்ஸ் நகரில், செல்வம் மிகுந்த ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் தாதித் தொழில் கண்ணியமான குடும்பத்துப் பெண்களுக்கு அடாததென்று கருதப்பட்டது. பெற்றோரின் எதிர்ப்பைப் பல்லாண்டு பொறுத்து, 1851-ல் ஜெர்மனியிலுள்ள கைஸர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார்.

1854-ல் கிரிமியா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காயமுற்ற பிரிட்டிஷ் சிப்பாய்கள் கவனிப்பாரின்றி மடிவதாகப் பத்திரிகைகள் எழுதவே, இங்கிலாந்தில் பெருங் கிளர்ச்சி எழுந்தது. யுத்த இலாகா மந்திரி சிட்னி ஹெர்பர்ட் வேண்டியபடி, 38 தாதிகளுடன் அம்மையார் நவம்பர் 4-ந் தேதி கான்ஸ்டாண்டினோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரி வந்து சேர்ந்தார். உணவையும் துணியையும் ஒழுங்குபடுத்தினார். இரவு பகலாக உழைத்தார். எனினும் மரணம் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் மாண்டனர்.

காரணம் கட்டடத்தின் அடியிலேயே இருந்தது. சாக்கடைகள் அடைபட்டிருந்தன, காற்றோட்டம் இல்லை, தண்ணீரும் மாசுபட்டிருந்தது. மார்ச் மாதத்தில் வந்த சுகாதாரக் கமிஷனார் சாக்கடைகளைக் கழுவி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்று வர வழி செய்தனர். ஜூன் மாதத்துக்குள் மரணம் நூற்றுக்கு இரண்டு என்னும் அளவுக்கு இறங்கிற்று.

யுத்தம் முடிந்து 1856-ல் ஊர் திரும்பியபோது தேசமே அவரைக் கொண்டாடக் காத்திருந்தது. அவரோ விழாக்களை ஒதுக்கி, புள்ளிவிவர நிபுணரான வில்லியம் பார் என்பவருடன் கணக்குகளை ஆராய உட்கார்ந்தார். அந்த யுத்தத்தில் இறந்த சுமார் 21,000 பிரிட்டிஷ் வீரர்களில் ஏறக்குறைய 16,000 பேர் நோயால் மடிந்தவர்கள்! போர்முனையில் பட்டினியாலும் குளிராலும் நலிந்து வந்தவர்கள் மாண்டார்கள் என்று சமாதானம் சொல்வது எளிது. ஆனால் போர்முனையிலிருந்த ஆஸ்பத்திரிகளைவிட ஸ்கூட்டாரியில்தான் மரணம் அதிகம் என்று கணக்குக் காட்டிற்று. தாம் பாடுபட்ட ஆஸ்பத்திரியே நோயாளிகளைக் கொன்றது என்பதை உணர்ந்த உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! தம் புகழுக்கு இழுக்கு வருமென்று அவர் அதை மறைத்தாரில்லை. 1858-ல் தம் ஆராய்ச்சியைப் பெரும் நூலாக அச்சிட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினார். எண்களைப் பார்க்கச் சோம்பும் மந்திரிகளுக்காக, தவிர்க்கக்கூடிய மரணங்களை வர்ணப் படமாகவும் வரைந்து காட்டினார்.

குற்றவாளி ஒருவனைத் தேடித் தண்டிப்பதோடு அவர் நிற்கவில்லை. அத்தகைய சாவு மறுபடி நேராதபடி ஏற்பாடு செய்வதே அவர் நோக்கம். 1859-ல் எழுதிய தாதித் தொழில் குறிப்புகளில், தாதி அருகில் இல்லாத நேரத்திலும் நோயாளிக்கு வேண்டியது தவறாமல் நடக்கும்படி அவள் முன்னதாகவே ஒழுங்கு செய்திருக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். 1860-ல் லண்டன் ஸென்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிப் பள்ளி தோன்றியது. கிருமி சாஸ்திரம் வேரூன்றாத காலமாதலால், கெட்ட காற்றே நோய்க்குக் காரணமென்று அவர் நம்பினார். காரணத்தில் பிழை இருந்தும், சுத்தம் என்ற பரிகாரம் பிழையாகவில்லை.

நமது தேசத்தையும் அக்கணக்கு தொட்டது. அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆயினும் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மடிவதாக 1863-ல் ராயல் கமிஷன் வெளியிட்ட அறிக்கையில் அவர் உழைப்பு பெரும்பங்கு கொண்டது. சுற்றிலுமுள்ள ஜனங்களுக்கு நல்ல தண்ணீரும் சாக்கடை வசதியும் இல்லாதவரையில் சிப்பாய்க்கு மட்டும் சுகம் வராது என்று அவர் கண்டார். பின்னர் பஞ்சத்தைப் பற்றியும் நீர்ப்பாசனத்தைப் பற்றியும் குடியானவர்களுக்காக எழுதினார். அந்நிய ஆட்சியினர் அவருக்கு மரியாதை காட்டினர். பணம் ஒதுக்கத்தான் மனம் வரவில்லை.

1910-ம் வருஷம் ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் அம்மையார் காலமானார். ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் வீணே போகும்போது, விதியென்று பெருமூச்சு விடுவோர் உண்டு. தாதியின் தலையில் பழியைப் போட்டு ஏட்டை மூடுவோரும் உண்டு. இவ்விரண்டும் அடுத்த நோயாளியைக் காப்பாற்றா. ஏட்டைத் திறந்து வைத்து, தன் தவறு அதில் எழுதியிருந்தாலும் படிக்கத் துணிகிறவரே காப்பாற்றுவார். பொதுக்காரியம் எதுவாயினும், அதில் இறங்கியோர் அனைவருக்கும் இத்துணிவு வேண்டும்.