அச்சுக்கூடத்துத் துறவி
புனித மாக்சிமிலியன் மரிய கோல்பே

ஜூபிலி மலர் ஒன்று வெளியிடுவதென்று விழாக்குழுவில் பேச்செழுந்தபோது, காகிதம் விற்கிற விலையில் இது தேவைதானா, அந்தப் பணத்தில் கோவில் முகப்புக்கு வர்ணம் பூசலாமே என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சொல்லத் தவறியதை ஒரு புனிதருடைய சரித்திரமாக இங்கே எழுதத் துணிகிறோம். பெரியவர் மன்னிப்பாராக.

புனித மாக்சிமிலியன் கோல்பேயை நம்மில் பலர் ஒரே ஒரு சம்பவத்தால் அறிவோம். அவுஷ்விட்ஸ் சிறைமுகாமில் வேறொருவருக்குப் பதிலாகச் சாக முன்வந்த குருவானவர் அவர். அந்த மரணத்துக்கு முன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவருடைய கைகளில் அச்சு மை படிந்திருந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு.

போலந்து நாட்டில், அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்த ஸ்துன்ஸ்கா வோலா என்னும் ஊரில், 1894 ஜனவரி 8ஆம் நாள் நெசவாளர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் ரேமண்ட். பிள்ளை சாதுவல்ல. அவருடைய குறும்பு பொறுக்காமல், நீ என்னவாகப் போகிறாயோ என்று தாய் ஒருநாள் அலுத்துக்கொண்டார். அந்த வார்த்தை தைத்துவிட, சிறுவன் கோவிலுக்குப் போய் மாதாவிடமே அதைக் கேட்டானாம். மாதா வெள்ளை மகுடம் ஒன்றும் சிவப்பு மகுடம் ஒன்றும் காட்டி, எது வேண்டுமென்று வினவ, இரண்டும் வேண்டுமென்றான். வெள்ளை கற்புக்கு, சிவப்பு வேதசாட்சி முடிக்கு. மகனிடமிருந்து இதைக் கேட்டறிந்து, அவர் இறந்தபின் வெளியிட்டவர் அந்தத் தாயே.

1907இல் பிரான்சிஸ்கன் சபையாரின் சிறு குருமடத்தில் சேர்ந்து, பின் மாக்சிமிலியன் என்ற துறவறப் பெயர் பெற்றார். கணக்கிலும் பௌதிகத்திலும் அபார மூளை. வானமண்டலத்தில் பறந்து செல்லும் ஊர்தி ஒன்றுக்கு மாணவப் பருவத்திலேயே திட்டம் எழுதி வைத்தவர். ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டு, 1915இல் தத்துவ சாஸ்திரத்திலும் 1919இல் வேத சாஸ்திரத்திலும் டாக்டர் பட்டம் பெற்றார். படிப்பைவிட முக்கியமான காரியம் ஒன்று அங்கே நடந்தது. 1917இல் பிரீமேசன் இயக்கத்தார் பாப்பரசரின் வாசலுக்கே கொடிபிடித்து வந்து திருச்சபையை ஏளனம் செய்ததை அவர் கண்ணாரக் கண்டார். அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், தோழர் அறுவரோடு சேர்ந்து அமலோற்பவ மாதாவின் சேனை என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். ஏழு பேர், கையில் காசில்லை. இவருக்கோ காசநோய் வேறு. 1918 ஏப்ரல் 28இல் குருப்பட்டம் பெற்றார்.

1919இல் தாயகம் திரும்பியவரை நோய் மலைநாட்டு ஆரோக்கிய நிலையத்தில் கிடத்திற்று. எழுந்து வந்ததும் பத்திரிகை நடத்த உத்தரவு கேட்டார். நடத்தலாம், சபையின் பணத்தை எதிர்பார்க்கக் கூடாது என்றனர் மேலாளர்கள். பிச்சை எடுக்கப் புறப்பட்டார். ஒரு காகிதக் கடையில் நுழைந்து, கேட்க வெட்கி, ஏதோ சில்லறைச் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார் என்பார்கள். நன்கொடைப் புத்தகத்தோடு வீடு வீடாய் ஏறிய நம் விழாக்குழு இளைஞர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்! 1922 ஜனவரியில் அமலோற்பவ மாதாவின் வீரன் என்ற பெயரில் 5,000 பிரதிகளோடு முதல் இதழ் கிராக்கோ நகரில் வெளிவந்தது. பின்னர் அச்சகத்துக்குக் கடன் ஏறி நின்றபோது, பீடத்தின்மேல் ஓர் உறை கிடந்தது. அமலோற்பவ அன்னைக்கு என்று அதன்மேல் எழுதியிருந்தது. உள்ளே கடன் தொகை சரியாக இருந்தது.

அதே ஆண்டு கிரோத்னோ மடத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே பழைய கையச்சு இயந்திரம் ஒன்றை வாங்கினார். சகோதரர்களோடு தாமும் நின்று சக்கரம் சுற்றினார். பிரதிகள் பெருகின, மடம் போதவில்லை. 1927இல் வார்சாவுக்கு மேற்கே, தெரெசின் என்ற ஊரருகே, சிற்றரசர் ஒருவரின் நிலத்தில் முதலில் ஒரு மாதா சுரூபத்தை நாட்டினார். நிலத்துக்குச் சிற்றரசர் விதித்த நிபந்தனைகள் சபையாருக்கு ஒத்துவரவில்லை. நிலம் வேண்டாமென்று சொல்லப் போனவர், சுரூபம் மட்டும் அங்கேயே இருக்கட்டும் என்றார். சிற்றரசர் மனம் மாறி நிலத்தை இனாமாகக் கொடுத்துவிட்டார்.

இப்படி எழுந்ததுதான் நியெபொகலானுவ், அதாவது அமல அன்னையின் நகரம். மரக் குடிசைகளில் துறவிகள். பக்கத்துக் கொட்டகையில் அந்நாளின் மிக நவீனமான சுழல் அச்சு இயந்திரங்கள். 1939க்குள் 700க்கும் அதிகமானோர் அங்கே வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் குருக்களல்லர், சகோதரர்கள்: அச்சுக் கோப்பவர், கட்டு கட்டுபவர், செருப்புத் தைப்பவர், தச்சர். தீயணைப்புப் படைகூட அவர்களுடையதே. மாத இதழ் 1938 இறுதியில் 10 லட்சம் பிரதிகளை எட்டியது. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் வானொலியும் பேசத் தொடங்கிற்று. ஏழைத் துறவிக்கு இத்தனை விலையுள்ள இயந்திரங்களா என்று கேட்டவர்கள் அங்கேயும் உண்டு. புனித பிரான்சிஸ்கு இன்று வந்தால் கைச்சட்டையை மடித்துக்கொண்டு இந்த இயந்திரங்களில் வேலை செய்வார் என்பதே அவர் கருத்து. அவருடைய அங்கியிலோ ஒட்டுப் போடாத இடம் குறைவு.

1930 ஏப்ரலில் சகோதரர்களுடன் ஜப்பானின் நாகசாகி போய் இறங்கினார். மொழி தெரியாது. தம் குருமடத்தில் தத்துவ சாஸ்திரம் கற்பிக்க ஆளில்லாதிருந்த ஆயர் ஹயசாக்கா, பாடம் நடத்தினால் பத்திரிகைக்கு அனுமதி என்றார். ஒரே மாதத்தில் ஜப்பானிய மொழியில் 10,000 பிரதிகள் வெளிவந்தன! மொழிபெயர்த்து உதவியவர்களில் கத்தோலிக்கர் அல்லாதாரும் இருந்தனர். 1931இல் நகரத்துக்கு முதுகு காட்டும் மலைச்சரிவில் மடம் கட்டியபோது, இடம் சரியில்லை என்றனர் பலர். 1945 ஆகஸ்ட் 9இல் அணுகுண்டு விழுந்தபோது, நடுவே நின்ற அந்த மலையே மடத்தைக் காத்தது. நம் இந்தியாவுக்கும் அவர் வந்திருக்கிறார். 1932இல் எர்ணாகுளம் வந்து, இங்கும் இத்தகைய மடம் ஒன்று நிறுவ முயன்றார். அது கைகூடவில்லை.

இனி மறைக்கக் கூடாத ஒன்று. 1935இல், அவர் ஜப்பானிலிருந்த காலத்தில், நியெபொகலானுவிலிருந்து மலிவு விலை நாளேடு ஒன்றும் தொடங்கப்பட்டது. பாமர மக்கள் விரும்பி வாங்கினர். அதன் பக்கங்களில் யூதருக்கு எதிரான கசப்பும் ஏறிற்று. பகையை மூட்டிவிடாதீர்கள் என்று கோல்பே தொலைவிலிருந்து ஆசிரியருக்கு எழுதினார். ஆயினும் அவருடைய எழுத்திலேயும் அக்காலத்துத் தப்பெண்ணங்களின் சாயல் சில இடங்களில் உண்டு. புனிதர் சரித்திரத்தில் இதை எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அச்சில் ஏறிய சொல் லட்சம் வீடுகளுக்குப் போகிறது. திருப்பி அழைத்தால் வராது. ஒரு புனிதரின் மடத்திலேயே அது நேர்ந்ததென்றால், மலரும் துண்டுப் பிரசுரமும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிற நாம் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1936இல் அவர் போலந்து திரும்பி மடத்தலைவரானார். 1939 செப்டம்பரில் ஜெர்மானியர் படையெடுத்து வந்தனர். அவரும் சகோதரர்களும் கைதாகி, டிசம்பர் 8இல் விடுதலையானார்கள். திரும்பி வந்தபோது இயந்திரங்கள் ஓடவில்லை. அச்சுக்கூடம் நின்ற மடம் அகதிகள் விடுதியாயிற்று. வீடிழந்து வந்தவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் யூதர்கள். அவர்களுக்கும் அதே கூரை, அதே உணவு, அதே கவனிப்பு. நாளேட்டின் பக்கங்களுக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

மிகுந்த மன்றாட்டுக்குப் பின் 1940 டிசம்பரில் ஒரே ஓர் இதழுக்கு அனுமதி கிடைத்தது. அதுவே கடைசி. 1941 பிப்ரவரி 17இல் மீண்டும் பிடித்துச் சென்றனர். மே 28இல் அவுஷ்விட்ஸ். எண் 16670. லட்சக்கணக்கான பிரதிகளில் பேசியவருக்கு அங்கே ஒரு பென்சில் துண்டும் சொந்தமில்லை. இரவில் படுக்கைக்குப் படுக்கை போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டார்; காதோடு காதாக ஆறுதல் சொன்னார்.

ஜூலை இறுதியில் ஒரு கைதி தப்பியதால், பத்துப்பேரைப் பட்டினி போட்டுக் கொல்லும்படி அதிகாரி பொறுக்கியெடுத்தான். அவர்களில் ஒருவரான பிரான்சிசெக் கயோவ்னிசெக், மனைவி மக்களை நினைத்துக் கதறினார். வரிசையை விட்டு வெளியே வந்தார் கோல்பே. வரிசை பிசகினாலே சுட்டுவிடும் இடம் அது. யாரென்று கேட்டதற்குக் கத்தோலிக்கக் குரு என்றார். அந்தக் குடும்பஸ்தனுக்குப் பதிலாகத் தாம் போவதாகச் சொன்னார். அதிகாரி ஏன் சம்மதித்தானோ, தேவனுக்கே வெளிச்சம். இருட்டறையிலிருந்து ஜெபமும் பாட்டும் கேட்டன. நாளுக்கு நாள் குரல்கள் குறைந்தன. இரண்டு வாரத்துக்குப் பின்னும் உயிரோடிருந்த நால்வரில் ஒருவர் கோல்பே. ஆகஸ்ட் 14ஆம் நாள் விஷ ஊசி போட்டனர். அவரே கையை நீட்டினார். மறுநாள், மாதா விண்ணேற்புத் திருநாளில், உடலை எரித்தார்கள். வயது 47.

கயோவ்னிசெக் பிழைத்தார். அவர் மனைவியும் பிழைத்தார். ஆனால் எந்தப் பிள்ளைகளுக்காக அவர் கதறினாரோ அந்த இரு மகன்களும் போரின் கடைசி மாதங்களில் குண்டு வீச்சில் இறந்துபோனார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் நமக்குப் பேச்சு வருவதில்லை. அவர் 1995வரை, 93 வயதுவரை வாழ்ந்து, தமக்காக இறந்தவரின் கதையை ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார்.

1971இல் பாப்பரசர் ஆறாம் பவுல் கோல்பேயை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது துதியர் வரிசையில். 1982 அக்டோபர் 10இல் புனிதர் பட்டம் அளித்த இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை வேதசாட்சி என்றே அறிவித்தார். சிவப்பு மகுடமும் வந்து சேர்ந்தது. கயோவ்னிசெக் அன்று ரோமாபுரியில் கூட்டத்தில் இருந்தார்.

ஆகஸ்ட் 14 அவர் திருநாள். நம் பங்கில் அன்று மறுநாள் தேருக்குப் பூக்கட்டும் வேலையில் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது. இந்த ஜூபிலி ஆண்டில் அன்று காலைத் திருப்பலியை, இம்மலருக்கு அச்சுக் கோத்த தொழிலாளர்களுக்காக ஒப்புக்கொடுப்போம். காகித விலையைப் பற்றிக் கேட்ட பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.