மானிடவியல் அறிஞர் அனந்தகிருஷ்ண ஐயர்

தமிழகத்தையும் கேரளத்தையும் பிரிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டில் இருமருங்கும் ஒதுங்கி வழிவிட்டு நிற்கிறது. அக்கணவாய் வழியே தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் மேற்கே சென்று குடியேறின. அங்ஙனம் குடியேறியோர் வாழ்ந்த இலட்சுமிநாராயணபுரத்தில் 1861-ஆம் ஆண்டு பிறந்தவர் எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். ஊரைவிட்டு வந்து வாழும் நாம், நம் சங்க ஆண்டு விழா மலரில் அவரை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்கு முயலும் நம் இளைஞர்க்கு அவர் வரலாறு ஊன்றுகோலாகும் என்றும் நம்புகிறோம்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று பி.ஏ. தேறிய அவர், குமாஸ்தாவாகவே வாழ்க்கையைத் தொடங்கினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகி, அதன்பின் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். மானிடவியலை அவர் எக்கல்லூரியிலும் கற்றாரல்லர். அதனைக் கற்பிக்கும் பட்டமேற்படிப்புத் துறையும் அந்நாளில் இந்தியாவில் இல்லை.

நாடெங்கும் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஆய்வினை ஆங்கில அரசு தொடங்கியிருந்த காலம் அது. 1902-இல் கொச்சி சமஸ்தானத்துத் திவான் தம் நாட்டு ஆய்வுக்கு ஐயரின் துணையை நாடினார். அப்போது ஐயருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. வாரநாட்களில் கல்லூரியில் பாடம் சொன்னார். விடுமுறை நாட்களில் ஆய்வுக் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். இரண்டாவது பணிக்கு ஊதியம் இல்லை. வழிகாட்டும் ஆசிரியரும் இல்லை. கற்றதெல்லாம் நூல்களினின்றும் மக்களினின்றும் கற்றதேயாம்.

அவர் ஆராய்ந்த மக்கள் யாவர்? நெல்லியாம்பதி மலைகளில் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த காடர், சித்தூர்ப் பகுதியின் எரவாளர், சமவெளியின் நாயாடி, புலையர், பறையர் முதலியோர் அவருள் அடங்குவர். இன்னார் இத்தனை அடிக்குள் அணுகலாகாது என்று அளவு குறித்து மனிதரை மனிதர் விலக்கிய நாடு அன்றைய கேரளம். அத்தகைய நாட்டில் அக்கிரகாரத்திற் பிறந்த ஒருவர், விலக்கப்பட்டோரின் குடிசையையும் உணவையும் திருமண முறையையும் ஈமச்சடங்கையும் கேட்டறிந்து எழுதப் புகுந்தது சிறு செயலன்று. அவ்வுழைப்பின் பயனாகக் கொச்சி நாட்டுக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1909-இலும் 1912-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

அதன்பின் கதவுகள் தாமே திறந்தன. 1914-இல் கல்கத்தாவில் கூடிய முதல் இந்திய அறிவியல் மாநாட்டில் இனவியல் பிரிவுக்கு அவர் தலைமை தாங்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் சொற்பொழிவாற்ற அழைத்தது. ஆசுதோஷ் முகர்ஜியின் காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக ஏற்றது. மானிடவியலில் பட்டமேதும் பெறாத அவர், நாட்டின் முதல் மானிடவியல் பட்டமேற்படிப்புத் துறையை உருவாக்கத் துணைநின்று, 1932 வரை அங்கே கற்பித்தார். பலர் ஓய்வு கொள்ளும் வயதில் தாயகம் விட்டுத் தொலைவில் வாழ்ந்தார். நஞ்சுண்டய்யா தொடங்கி நிறைவேறாது விட்டுச்சென்ற மைசூர் ஆய்வினையும் நான்கு தொகுதிகளாக நிறைவேற்றினார். கேரளச் சிரியன் கிறித்தவர்களைப் பற்றிய அவர் நூல் 1926-இல் வெளிவந்தது.

டாக்டர் பட்டம் எப்போது வந்தது? 1934-இல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவாற்றச் சென்றபோது, ஜெர்மனியப் பல்கலைக்கழகம் ஒன்று அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். மூன்றாண்டுகள் கழித்து, 1937-இல் அவர் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி குடும்பத்திலும் தொடர்ந்தது. புதல்வர் எல். ஏ. கிருஷ்ண ஐயர் திருவிதாங்கூர் நாட்டுப் பழங்குடிகளை ஆராய்ந்து பல தொகுதிகள் எழுதினார். இன்று இடுக்கி மாவட்டமாக விளங்கும் மலைகளில் வாழும் முதுவரும் மன்னானும் அந்நூலில் இடம்பெற்றுள்ளனர். தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர் என்பது அவ்விரு குடியினரின் மரபுச் செய்தியாதலின், தமிழராகிய நமக்கு அது அயலார் கதையன்று.

குறையும் கூறல் வேண்டும். ஐயர் காலத்து ஆய்வு, ஆளும் அரசின் தேவைக்கெனத் தொடங்கியது. மண்டையோட்டையும் மூக்கையும் அளந்து இனம் பிரிக்கும் அக்கால முறையை இன்றைய அறிவியல் தள்ளிவிட்டது. ஆராயப்பட்ட மக்கள் தம்மைப்பற்றித் தாமே எழுத அன்று இடமில்லை. அப்பணி இனி அம்மக்களின் மக்களால் நிறைவேறுதல் வேண்டும்.

வேலைக்குச் சென்றுகொண்டே ஆராய்ச்சி செய்வோர் நம்மிடையே உளர். ஆண்டுகள் நீளும்போது, பட்டம் கைவருமோ என்னும் ஐயம் அவர்தம் நெஞ்சை வாட்டும். பட்டம் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. பிறர் பட்டம் பெறுதற்குரிய துறையை அமைக்க ஐயரே உழைத்தார். எனினும் அவர் வாழ்வில் உழைப்பு முன்னே சென்றது. பட்டம் முப்பதாண்டு கழித்துப் பின்னே வந்தது. விடுமுறை நாளொன்றில் ஏட்டை எடுத்துக்கொண்டு ஒரு குடிசையை நோக்கி நடந்த அக்கல்லூரி ஆசிரியரை, மனந்தளரும் வேளையில் நம் இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக.